நட்சத்திரத்தைப் பிடிக்க ஒரு குட்டிக் குழாய்

செனாய் வட்டாரத்திலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். மகன் தொழிற்சாலையில் வேலை செய்கிறான். மழையில்லாத இரவுகளில் கேமராவையும் தொலைநோக்கியையும் தூக்கிக்கொண்டு செம்பனைத் தோட்டத்து ஓரமாகப் போய் நட்சத்திரங்களைப் படம் பிடிக்கிறான். கெட்ட சகவாசம் எதுவும் இல்லை. அதில் அந்த அம்மாவுக்கு நிம்மதிதான். ஆனால் இப்போது புதிதாக ஒரு கோரிக்கை வந்திருக்கிறது. இருக்கிற தொலைநோக்கியின் முதுகில் ஏற்றிவைக்க இன்னொரு குட்டித் தொலைநோக்கி வேண்டுமாம். அதற்குப் பெயர் கைடுஸ்கோப்பாம். ஒன்று போதாதா, இரண்டாவது எதற்கு, இது நிஜமாகவே தேவையா அல்லது கடைக்காரர் பிள்ளையின் தலையில் மிளகாய் அரைக்கிறாரா என்று கேட்கிறார்.

நியாயமான கேள்வி. 2025 பிப்ரவரியில் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தப் பணத்துக்குள்தான் அரிசி, பருப்பு, பஸ் காசு, பிள்ளைகளின் பள்ளிச் செலவு, ஊரில் நடக்கும் கல்யாணம் கருமாதி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு வெள்ளியும் எதற்குப் போகிறது என்று கேட்பது கஞ்சத்தனம் அல்ல.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில பேருக்கு அந்தப் பொருள் தேவை, சில பேருக்கு இன்னும் தேவையில்லை. தேவைப்படுகிறவருக்கும் சிறியது போதும், விலை குறைந்தது போதும். காசைப் பெரிய கண்ணாடியில் கொட்டாமல் உறுதியான பிடிமானத்தில் போட வேண்டும். ஏன் என்பதை இனிப் பார்ப்போம்.

குட்டிக் குழாய் என்ன செய்கிறது?

பூமி சுழல்வதால் நட்சத்திரங்கள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்வதாகத் தோன்றுகின்றன. அந்த வேகம் மணிக்கு 15 பாகை. பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குக் கலையும் விகலையும் தெரிந்திருக்கும். ஒரு பாகைக்கு 60 கலை; ஒரு கலைக்கு 60 விகலை. நட்சத்திரம் ஒரு விநாடியில் 15 விகலை நகர்கிறது. முழு நிலாவின் அகலம் சுமார் 30 கலை. அப்படியானால் 2 நிமிடத்தில் ஒரு நட்சத்திரம் நிலாவின் அகலம் அளவுக்கு ஓடிவிடுகிறது!

மங்கலான பொருள்களைப் படம் பிடிக்கக் கேமராவின் கண்ணை 1 நிமிடம், 2 நிமிடம் என்று திறந்து வைக்க வேண்டும். நட்சத்திரம் ஓடினால் புள்ளி கோடாகிவிடும். அதனால் தொலைநோக்கியை மோட்டார் வைத்த தாங்கியில் ஏற்றி, நட்சத்திரம் போகும் பக்கமாக அதே வேகத்தில் திருப்புகிறார்கள். இந்தத் தாங்கியை மவுண்ட் என்பார்கள்.

மவுண்டுக்குள் இருப்பது பற்சக்கரம். மனிதன் கடைந்த பற்சக்கரம் எதுவும் பழுதில்லாமல் இருப்பதில்லை. விலை குறைந்த மவுண்டில் சில பத்து விகலை முன்னும் பின்னும் பிசகும். கண்ணுக்குத் தெரியாத இந்தப் பிசகு படத்தில் தெரிந்துவிடும். நட்சத்திரம் உருண்டையாக இல்லாமல் அரிசி போல நீண்டிருக்கும்.

இங்கேதான் கைடுஸ்கோப் வருகிறது. தோட்டத்தில் தண்டலை நினைத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டுவது அவர் வேலை அல்ல. வெட்டு சரியாக விழுகிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. பிசகினால் உடனே குரல் கொடுப்பார். கைடுஸ்கோப்பும் படம் எடுப்பதில்லை. அது ஒரே ஒரு நட்சத்திரத்தைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும். அதன் பின்னால் உள்ள சின்னக் கேமரா 1 முதல் 3 விநாடிக்கு ஒருமுறை அந்த நட்சத்திரத்தைக் கணினிக்குக் காட்டும். நட்சத்திரம் இம்மி நகர்ந்தாலும் கணினி கண்டுபிடித்து மோட்டாரைத் திருத்தும். இதற்கான பி.எச்.டி.2 என்ற மென்பொருள் இலவசம். பழைய மடிக்கணினி ஒன்று வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

ஏழைச் சிறுவன் ஒருவனின் கதை

கணினி வருவதற்கு முன் இந்தத் தண்டல் வேலையை மனிதக் கண்ணே செய்தது. அதில் பேர் எடுத்தவர் எட்வர்ட் எமர்சன் பர்னார்ட். அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 1857இல் பிறந்தவர். அவர் பிறக்கும் முன்பே தந்தை இறந்துவிட்டார். தாயார் வறுமையில் வளர்த்தார். பள்ளிப் படிப்பு பேருக்குத்தான். சுமார் 9 வயதில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தார்.

என்ன வேலை தெரியுமா? அந்த நாளில் படத்தைப் பெரிதாக்கச் சூரிய வெளிச்சத்தைப் பயன்படுத்தினார்கள். கூரைமேல் ஒரு பெரிய கருவி இருக்கும். சூரியன் நகர நகர அந்தக் கருவியையும் கைச்சக்கரத்தால் நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மற்றப் பையன்கள் தூங்கிவிடுவார்களாம். பர்னார்ட் தூங்கவில்லை. பொறுமை என்ற ஆஸ்தியை அங்கேதான் சேர்த்தார்.

பிற்காலத்தில் அவர் கலிபோர்னியாவின் லிக் வானாய்வுக்கூடத்தில் சேர்ந்து, 1889 முதல் பால்வீதியைப் படம் பிடித்தார். அதற்குப் பயன்பட்ட லென்ஸ், ஆட்களைப் படம் எடுக்கும் ஸ்டூடியோவில் இருந்த பழைய லென்ஸ். அதன் பக்கத்தில் கட்டிய இன்னொரு சிறு தொலைநோக்கியில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைக் குறுக்குக் கம்பியை விட்டு விலகாமல் கையாலேயே திருத்திக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். உலகம் அதுவரை பார்த்திராத பால்வீதிப் படங்கள் அப்படித்தான் கிடைத்தன. அவர் 1923இல் மறைந்தார். படத் தொகுப்பு 1927இல் நூலாக வந்தது.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. சென்னையில் 1927இல் பிறந்த வைனு பாப்பு, 1949இல் அமெரிக்காவில் மாணவராக இருந்தபோது, தாம் எடுத்த வான்படத் தகட்டில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பின்னர் தமிழ்நாட்டில் ஜவ்வாது மலையின் காவலூரில் அவர் உருவாக்கிய வானாய்வுக்கூடம், தாங்களே செய்த 38 செண்டிமீட்டர் தொலைநோக்கியோடுதான் 1968 வாக்கில் வேலையைத் தொடங்கியது. 1 மீட்டர் தொலைநோக்கி 1972இல்தான் வந்தது. பெரியவர்களும் சிறிய கருவியில் கை பழகித்தான் மேலே போனார்கள்.

செனாய்க்காரருக்கு உள்ள தனிச் சிரமம்

மவுண்ட் சரியாக ஓட வேண்டுமானால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும். வட நாடுகளில் இது சுலபம். துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சைத் திருப்பிவிடுவார்கள். கருவியோடு வரும் புத்தகங்களிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்.

ஓர் ஊரின் அட்சரேகை எத்தனை பாகையோ, ஏறக்குறைய அத்தனை பாகை உயரத்தில்தான் அங்கே துருவ நட்சத்திரம் தெரியும். காவலூரில் அது சுமார் 12 பாகை. செனாயில் வெறும் 1.6 பாகை! கையை நீட்டிக் கட்டைவிரலைப் படுக்கையாகப் பிடித்தால் அதன் பருமன் சுமார் 2 பாகை. அடிவானத்திலிருந்து அந்தப் பருமன்கூட இல்லாத உயரத்தில் இருக்கும் நட்சத்திரத்தை, செம்பனை மரத்தையும் புகைமூட்டத்தையும் தாண்டி யார் பார்ப்பது?

கல்யாணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கிறோம். அந்த அருந்ததி சப்தரிஷி மண்டலத்தில் இருக்கிறது. மே மாதத்து முன்னிரவில் செனாயிலும் வடக்கே அந்த மண்டலம் நன்றாகத் தெரியும். அதன் ஓரத்து இரண்டு நட்சத்திரங்களைச் சேர்த்துக் கோடு இழுத்தால் துருவ நட்சத்திரத்துக்குப் போகும். நம் ஊரில் அந்தக் கோடு மரக் கூட்டத்துக்குள் போய் மறைந்துவிடும். தென்துருவமோ அடிவானத்துக்குக் கீழேயே போய்விட்டது.

அப்படியானால் என்ன வழி? நட்சத்திரம் எந்தப் பக்கம் நழுவுகிறது என்று பார்த்து அச்சைத் திருத்துவதுதான் வழி. முதலில் உச்சிக்கு அருகே உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். அது வடக்கே அல்லது தெற்கே நழுவினால், மவுண்டின் அச்சு இடம் வலமாகத் திரும்பியிருக்கிறது என்று பொருள். அதைத் திருத்திய பிறகு, கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். அது வடக்கே தெற்கே நழுவினால் அச்சின் ஏற்றத் தாழ்வு சரியில்லை. இப்படி இரண்டு மூன்று தடவை மாற்றி மாற்றிச் செய்தால் அச்சு நேராகிவிடும்.

இந்த நழுவலை அளந்து கோடு போட்டுக் காட்டும் வசதி நான் முன்பு சொன்ன இலவச மென்பொருளிலேயே இருக்கிறது. அதற்குக் கண்ணாக இருப்பது கைடுஸ்கோப். ஆகவே நம் ஊரில் அது இரண்டு வேலை செய்கிறது: முன்னிரவில் அச்சை நேராக்க உதவுகிறது, பிறகு விடியும் வரை காவல் காக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. சில மவுண்டுகளை இவ்வளவு தாழ்ந்த அட்சரேகைக்குச் சாய்க்க முடியாது. சிலவற்றில் எடைக்கல் மாட்டிய கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். 2 பாகைக்கு இறங்குமா என்று கடையிலேயே சாய்த்துக் காட்டச் சொல்லுங்கள். இதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

சிரமத்துக்கு ஈடாக நமக்கு ஒரு கொடுப்பினையும் உண்டு. வடவானம், தென்வானம் இரண்டும் நம் வாசலுக்கு வருகின்றன. திருவாதிரை இருக்கும் ஒரியன் மண்டலம் ஏறக்குறைய தலைக்கு மேலே போகிறது. பால்வீதியின் நடுப்பகுதி, விருச்சிகமும் தனுசும் இருக்கும் இடம், தெற்கே நல்ல உயரத்தில் வருகிறது. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தோடு ஒட்டித்தான் தெரியும்.

தேவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: உன் லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டர்?

வெறும் முக்காலியில் கேமராவை வைத்து எடுப்பவர் என்றால் கைடுஸ்கோப்புக்கு வேலையே இல்லை. 500ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் எத்தனை விநாடி திறந்து வைக்கலாம் என்று உத்தேசமாகத் தெரியும். 50 மி.மீ. லென்ஸுக்கு 10 விநாடி. சிறிய சென்சார் உள்ள கேமராவில் 6 அல்லது 7 விநாடி.

மோட்டார் மவுண்டும் 50 மி.மீ. லென்ஸும் என்றால் கைடுஸ்கோப் இல்லாமலே 1 நிமிடத்துக்குக் குறையாமல் எடுக்கலாம். 135 மி.மீ. வரைகூடக் குறுகிய படங்களாக எடுத்துச் சமாளிக்கலாம். 200 மி.மீட்டரைத் தாண்டும்போதுதான் கைடுஸ்கோப் தன் கூலிக்கு வேலை செய்யத் தொடங்குகிறது.

செனாயில் விமான நிலைய வெளிச்சம் இருக்கிறது. தெற்கே ஜொகூர் பாருவும் சிங்கப்பூரும் இரவெல்லாம் வானத்தை வெளுக்க வைக்கின்றன. இந்த வெளிச்சத்தில் கேமராவை 10 நிமிடம் திறந்து வைத்தால் படம் வெளுத்துப் போகும். 1 அல்லது 2 நிமிடப் படங்களாக 60, 100 என்று எடுத்து, சிரில் போன்ற இலவச மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதுதான் நமக்கு ஏற்ற முறை. 2 நிமிடம் காவல் காக்கச் சின்னக் கருவியே போதும். நம் வானத்துக்கு விலையுயர்ந்த கருவி தண்டம்.

எந்த அளவு வாங்கலாம்?

ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கேமராவின் ஒரு புள்ளி எத்தனை மைக்ரான் என்று பாருங்கள். அதை 206ஆல் பெருக்கி, குழாயின் குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு புள்ளி வானத்தில் எத்தனை விகலையைப் பார்க்கிறது என்று தெரியும்.

படம் எடுக்கும் தொலைநோக்கி 400 மி.மீ., அதன் கேமராப் புள்ளி 4 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிக்கு சுமார் 2 விகலை. விலை குறைந்த காவல் கேமராக்களில் 3.75 மைக்ரான் புள்ளி சாதாரணம். அதை 200 மி.மீ. கைடுஸ்கோப்பில் மாட்டினால் புள்ளிக்கு 3.9 விகலை, 120 மி.மீ. குழாயில் மாட்டினால் 6.4 விகலை. கணினி ஒரு புள்ளியின் சிறு பங்கு அசைவைக்கூடக் கண்டுபிடிக்கும் என்பதால், காவல் கேமராவின் எண் படக் கேமராவின் எண்ணைப் போல 4 மடங்குக்குள் இருந்தால் போதும்.

இதன்படி, முன்கண்ணாடி 30 மி.மீ. அகலமும் 120 மி.மீ. குவியத் தூரமும் உள்ள குழாய், 400 மி.மீ. தொலைநோக்கி வரை போதும். முன்கண்ணாடி 50 மி.மீ. அகலமும் 200 மி.மீ. குவியத் தூரமும் உள்ளது, 800 மி.மீ. வரை ஒத்துழைக்கும். 70, 80 மி.மீ. என்று பெரிய குழாய்களைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். எடை கூடும், சின்ன மவுண்ட் திணறும். மவுண்ட் தாங்கும் என்று எழுதியிருக்கும் எடையில் பாதி, மிஞ்சிப்போனால் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே ஏற்றுவது நல்லது.

புதிதாக வாங்காமலே ஒப்பேற்றும் வழியும் இருக்கிறது. பல தொலைநோக்கிகளோடு, குறி பார்ப்பதற்கென்று 50 மி.மீ. சிறு குழாய் ஒன்று வரும். அதன் கண் வைக்கும் பகுதியைக் கழற்றி, ஓர் இணைப்பு வளையம் வாங்கி மாட்டினால் அதுவே கைடுஸ்கோப். வீட்டில் பழைய பிலிம் கேமராவின் 135 அல்லது 200 மி.மீ. லென்ஸ் தூங்கிக்கொண்டிருந்தால் அதையும் எழுப்பலாம். காவல் கேமராவை மட்டும் கறுப்பு வெள்ளையாக வாங்குங்கள். வண்ணக் கேமராவைவிட அது மங்கலான நட்சத்திரத்தை நன்றாகப் பார்க்கும்.

பிடிமானம்தான் உயிர்

கைடுஸ்கோப் வாங்கியும் நட்சத்திரம் நீண்டு விழுகிறது என்று குறைப்படுகிறவர்கள் உண்டு. கணினியில் காவல் கோடு சமமாக இருக்கும். படத்தில் மட்டும் எல்லா நட்சத்திரமும் ஒரே பக்கமாக இழுத்திருக்கும். காரணம் பெரும்பாலும் ஆட்டம். இரவு நகர நகரக் கருவி சாயும்; லேசாகப் பிடித்திருக்கும் குட்டிக் குழாய் தன் எடையால் மயிரிழை தொங்கும். தண்டலே வழுக்கினால் வரிசை எப்படி நேராக இருக்கும்?

ஆகவே கடையில் கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் பிடியைப் பாருங்கள். ஸ்பிரிங் வைத்த பிடி வேண்டாம். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வளையங்கள் இறுகப் பிடிக்க வேண்டும். குவியத்தைச் சரிசெய்த பிறகு பூட்டிவிட ஒரு திருகு இருக்க வேண்டும். கையால் மெல்ல ஆட்டிப் பாருங்கள். கடக்கென்று சத்தம் கேட்டால் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் கேமராக் கம்பி தொங்கி இழுக்காதபடி கட்டிவிடுங்கள். குவியம் சரியான இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் அடுத்த இரவு நேரம் மிச்சம்.

விலையைப் பொறுத்தவரை, குழாயும் காவல் கேமராவும் சில நூறு வெள்ளிக் கணக்கில் அடங்கும். நல்ல மவுண்ட் ஆயிரக் கணக்கில் போகும். பணம் கொஞ்சமாக இருந்தால் மவுண்டுக்காகச் சேர்த்து வையுங்கள். கைடுஸ்கோப்பை பழையதாக வாங்கினாலும் குற்றமில்லை. முன்கண்ணாடியில் டார்ச் அடித்துச் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

நம் நாட்டு ஈரத்தில் பூஞ்சணம்தான் லென்ஸுக்கு எமன். வேலை முடிந்ததும் பனியைக் காயவிட்டு, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள். கண்ணாடியில் பனி படியாமல் இருக்கக் குழாயின் வாயில் கறுப்பு ரப்பர்த் தாளைச் சுருட்டி மாட்டினால் போதும்.

இரவில் தனியாகப் போக விடாதீர்கள். செம்பனைக் காட்டில் பாம்பு உண்டு. பூட்ஸும் டார்ச்சும் அவசியம். தோட்டத்துக் காவலரிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்கிக்கொள்ள வேண்டும். பச்சை லேசர் விளக்கை வானத்தில் அடிப்பது செனாயில் கூடவே கூடாது. இறங்கும் விமானத்தின் விமானிக்குக் கண் கூசினால் விபரீதம். பகலில் எந்தக் குழாயின் மூடியையும் கழற்றி வைக்காதீர்கள். தகுந்த வடிகட்டி இல்லாமல் சூரியனைப் பார்த்தால் பார்வை போய்விடும். குட்டிக் குழாயும் அந்த வேலையைச் செய்யும்.

அம்மா, உங்கள் மகனின் குவியத் தூரம் 200ஐத் தாண்டவில்லை என்றால், இன்னும் ஒரு வருஷம் பொறு என்று அன்பாகச் சொல்லுங்கள். தாண்டிவிட்டது என்றால், 30 அல்லது 50 மி.மீ. குழாய், இரண்டு வளையப் பிடி, கறுப்பு வெள்ளைக் கேமரா என்று மூன்றையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அதற்கு மேல் ஒரு வெள்ளியும் வேண்டாம். முதல் படம் வந்ததும் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டு, எந்த நட்சத்திரம் எது என்று அவனையே விளக்கச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளும் கேட்கட்டும்.